பூச்சிக்கு வரும் வைரஸ் நமக்குத் தடுப்பூசி தருகிறது… தெரியுமா?

மரத்தின் உச்சாணிக் கிளையில் ஒரு கம்பளிப்புழு தலைகீழாகத் தொங்குகிறது. செத்துப்போய்விட்டது. இரவில் ஏறி இலையைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் இறங்கி, பறவைகளின் கண்ணில் படாமல் பட்டை இடுக்கில் பதுங்கிக்கொள்ளும் சாதி அது. அப்படிப்பட்ட புழுவைப் பட்டப்பகலில் மர உச்சிக்கு ஏற்றிச் சாகடித்தது யார்? ஒரு வைரஸ். புழுவை உச்சிக்கு ஏற்றியது, அதிலுள்ள ஒரே ஒரு மரபணு!

இந்த ‘மர உச்சி நோய்’ ஜெர்மனியின் வனக்காவலர்களுக்கு 1890களிலேயே தெரியும். காரணம் பிடிபட நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெல்லி ஹூவர் குழுவினர், லைமாண்ட்ரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சியின் புழுக்களை உயரமான குடுவைகளில் விட்டுப் பார்த்தார்கள். வைரஸ் தொற்றிய புழுக்கள் மேலே ஏறிச் செத்தன. வைரஸிலிருந்து ஈ.ஜி.டி. என்ற மரபணுவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தொற்ற வைத்தார்கள். அப்போதும் புழுக்கள் செத்தன, ஆனால் கீழேயே செத்தன. வெட்டிய மரபணுவைத் திரும்பச் சேர்த்தார்கள். மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டன!

அந்த மரபணு அப்படி என்னதான் செய்கிறது? புழு வளர வேண்டுமானால் அவ்வப்போது தோலுரிக்க வேண்டும். தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன் என்ற ஹார்மோன். தோலுரிக்கும் நேரம் வந்தால் புழு தின்பதை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் அடங்கிவிடும். வைரஸுக்கு இது கட்டுப்படியாகுமா? ஈ.ஜி.டி. தயாரிக்கும் நொதி, அந்த ஹார்மோனின் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான், ஹார்மோன் செயலிழந்துவிடும். தோலுரிப்பு கிடையாது, ஓய்வு கிடையாது. தின்று தின்று கொழுக்கும் புழுவுக்குள் வைரஸும் கொழுக்கிறது. ஆய்வாளர்கள் ஓ’ரெய்லியும் லோயிஸ் மில்லரும் 1989இலேயே இந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு கூத்தைக் கேளுங்கள். இந்த மரபணு வைரஸின் சொந்தச் சரக்கே அல்ல. என்றோ ஒரு பூச்சியிடமிருந்து சுட்டது. பூச்சியின் ஆயுதத்தாலேயே பூச்சிக்கு அடி!

பத்திரிகைகள் இந்தச் செய்திக்கு ‘ஜாம்பி வைரஸ்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு இதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கென்னவோ கதையே இனிமேல்தான் ஆரம்பிக்கிறது என்று படுகிறது.

ஏனென்றால் உச்சியில் செத்த புழு அப்படியே காய்ந்து கிடந்தால் வைரஸுக்கு லாபமில்லை. உடல் உருகி, சொட்டுச் சொட்டாகக் கீழ் இலைகளில் வழிய வேண்டும், அதை அடுத்த புழு தின்ன வேண்டும். அதற்கென்றே, இந்த வைரஸ் சேர்ந்த பாக்குலோ வைரஸ் குடும்பத்திடம் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று, பூச்சியின் மேலோட்டிலுள்ள கைட்டினைக் கரைக்கும் கைட்டினேஸ். மற்றது, புரதங்களைச் சிதைக்கும் கத்தெப்சின். இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் புழு சாகும், ஆனால் உருகாது. முழு உருவத்தோடு கிடக்கும். இதில் கைட்டினேஸ் மரபணு எங்கிருந்து வந்தது? சொன்னால் நம்பமாட்டீர்கள், அதன் நெருங்கிய உறவு செராஷியா என்ற பாக்டீரியாவில் இருக்கிறது! அதாவது பாக்டீரியாவின் சரக்கு வைரஸ் கைக்கு மாறி, புழுவை உருக்குகிறது. இதை முன்கூட்டியே வெளியே விட்டால் புழு சீக்கிரம் செத்து எல்லாம் வீணாகிவிடும். அதனால் கைட்டினேஸின் வால் முனையில் ‘வெளியே விடாதே’ என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு குறியீடு இருக்கிறது. செல் உடைந்து நொறுங்கும் கடைசிக் கட்டம் வரை அது உள்ளேயே பூட்டிக் கிடக்கும். நேரம் பார்த்துத் திறக்கும் பூட்டு! மூளையில்லாத ஒன்றுக்கு எத்தனை திட்டம் பாருங்கள்.

பட்டுப்புழுவுக்கு வரும் பாக்குலோ வைரஸிடம் வேறொரு திருட்டுச் சொத்து உண்டு. பி.டி.பி. என்று பெயர். நோய் முற்றிய பட்டுப்புழு தட்டில் ஓரிடத்தில் இருக்காது, அலைந்துகொண்டே இருக்கும். ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால் தெரியும்: கிராசெரி என்ற இந்த நோய் கண்ட புழு உடல் வீங்கி, தோல் மெலிந்து, தட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்து, பால்நிறத் திரவம் கசியச் சாகும். 2005இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பி.டி.பி. மரபணுவை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அலைச்சல் குறைந்துவிட்டது. சரி, இந்த மரபணு தயாரிக்கும் நொதிதான் புழுவின் மூளையைக் குழப்புகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆனால் 2012இல் வந்த ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. பட்டுப்புழு வைரஸில் அந்தப் புரதம் நொதி வேலையே பார்க்க வேண்டியதில்லையாம். வைரஸின் உடலுக்குள் ஓர் உறுப்பாக உட்கார்ந்திருந்தாலே போதும். பூச்சியிடம் நொதியாக இருந்ததைத் திருடி, தன் வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டது!

சரி, இவ்வளவு வித்தைக்கும் இந்த வைரஸ் எவ்வளவு பெரிய மரபுத்தொகுதி வைத்திருக்கிறது தெரியுமா? உலக ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பாக்குலோ வைரஸின் டி.என்.ஏ.வை 1994இல் முழுதாகப் படித்து முடித்தார்கள். மொத்தம் 1,33,894 எழுத்துகள். ஏறத்தாழ 150 மரபணுக்கள். மனிதனுக்கு 300 கோடி எழுத்துகள்! இத்தனூண்டு ஏட்டை வைத்துக்கொண்டுதான் புழுவை ஏற்றி, தின்ன வைத்து, உருக்கி, அடுத்த தலைமுறைக்குப் பந்தி போடுகிறது.

இப்போது என் மனத்துக்குப் பிடித்த புரதத்துக்கு வருவோம். பாலிஹெட்ரின். இலையில் சொட்டிய வைரஸ் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. புற ஊதாக் கதிர் கொன்றுவிடும். அதனால் பாக்குலோ வைரஸ் தன்னைச் சுற்றி ஒரு புரதப் படிகத்தைக் கட்டிக்கொள்கிறது. கடலை மிட்டாய்க்குள் கடலை இருப்பதுபோல, ஒரு படிகத்துக்குள் பல வைரஸ்கள் பதிந்து கிடக்கும். இந்தப் படிகம் தண்ணீரில் கரையாது. செத்த புழு அழுகினாலும் அழுகாது. மண்ணுக்குள் புதைந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் ஒரு புழு அதைத் தின்றுவிட்டதா, அடுத்த சில நிமிடங்களில் கரைந்துவிடும்! எப்படி? நம் வயிற்றில் அமிலம், கம்பளிப்புழுவின் நடுக்குடலிலோ கடும் காரம். பி.எச். 10, 11 வரை போகும். அந்தக் காரத்துக்கு மட்டுமே திறக்கும்படி அமைந்த படிகம் இது. மழைக்குத் திறக்காத பெட்டி, சரியான வயிற்றில் போய் விழுந்ததும் தானாகத் திறக்கிறது.

இதைவிடச் சின்னப் படிகமும் உண்டு. ஆப்பிளைத் துளைக்கும் புழுவைத் தாக்கும் கிரானுலோ வைரஸ், ஒற்றை வைரஸைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள படிகத்தைக் கட்டுகிறது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள எக்ஸ்-கதிர் லேசரைக் கொண்டு அந்தப் படிகத்தின் அணு அமைப்பைப் படம்பிடித்தார்கள். ஒரு படிகத்தில் சுமார் 9,000 அடுக்கலகுகள்தாம். அதுவரை புரத அமைப்பு கண்டறியப்பட்ட படிகங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று!

அடுத்த அதிசயம் பாலிஹெட்ரினிலிருந்துதான் பிறந்தது. காட்டில் வாழும் வைரஸுக்குப் பெட்டி அவசியம். ஆய்வகக் குடுவையில், செல்லிலிருந்து செல்லுக்குப் பரவும் வைரஸுக்குப் பெட்டியே வேண்டாம். ஆனாலும் பழக்கம் விடுமா? தொற்றின் கடைசி நாட்களில் செல்லின் மொத்தப் புரதத்தில் பெரும்பங்கு பாலிஹெட்ரின்தான் என்னும் அளவுக்குக் கொட்டித் தள்ளும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும் இதைப் பார்த்து யோசித்தார்கள். பாலிஹெட்ரின் மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு மரபணுவை வைத்தால்? 1983இல் மனித இன்டர்ஃபெரான் மரபணுவை வைத்தார்கள். பூச்சியின் செல் மனிதப் புரதத்தைத் தயாரித்துக் கொட்டியது! இரண்டே ஆண்டில், 1985இல், ஜப்பானில் சுசுமு மயேதா குழுவினர் குடுவையையும் தூக்கிப் போட்டுவிட்டு, உயிருள்ள பட்டுப்புழுவுக்குள்ளேயே மனித இன்டர்ஃபெரானைத் தயாரித்துக் காட்டினார்கள். அதே வழியில் பட்டுப்புழுவில் தயாரான பூனை இன்டர்ஃபெரான், 1990களில் ஜப்பானில் கால்நடை மருந்தாகவே கடைக்கு வந்துவிட்டது. பூனைக்கு மருந்து, தயாரிப்பு பட்டுப்புழு, மேற்பார்வை வைரஸ்!

மனிதருக்கு? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான செர்வாரிக்ஸ் தடுப்பூசியின் புரதங்கள், முட்டைகோசைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் செல்களில் பாக்குலோ வைரஸ் மூலம் தயாராகின்றன. 2013இல் அமெரிக்கா அனுமதித்த ஃப்ளூபிளாக் என்ற ஃபுளூ தடுப்பூசி, கோழி முட்டையே இல்லாமல் பூச்சி செல்லில் வருகிறது. கொரோனாவுக்கு நோவாவேக்ஸ் கண்டுபிடித்து, புனேயின் சீரம் நிறுவனம் கோவோவேக்ஸ் என்ற பெயரில் தயாரித்த தடுப்பூசிக்கு 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசர அனுமதி கிடைத்தது. அதன் கூர்முனைப் புரதம் எந்தச் செல்லில் வளர்ந்தது தெரியுமா? எஸ்.எஃப்.9. ஒரு கூட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து 1970களில் அமெரிக்காவில் எடுத்து வளர்த்த செல் மரபின் வாரிசு அது. எந்தப் பூச்சியின் கூட்டுப்புழு? ஸ்போடாப்டெரா ஃப்ருகிபெர்டா.

பெயர் புரியவில்லையா? நம்மூர் விவசாயிக்கு நன்றாகவே தெரியும். இந்தியாவில் முதன்முதலாக 2018இல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே பருவத்தில் பெரம்பலூர் தொடங்கித் தமிழகத்தின் மக்காச்சோளக் காடுகளை மொட்டையடித்ததே, அமெரிக்கன் படைப்புழு, அதேதான்! வயலில் சோளக் குருத்தைத் துளைக்கிற அதே பூச்சியின் செல், ஆய்வகத்தில் உயிர்காக்கும் புரதத்தைச் சமைக்கிறது. படைப்புழுவை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் திட்டும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வைரஸ் தொற்றினால் பூச்சியின் செல் சும்மா இருக்குமா? தற்கொலை செய்துகொள்ளும். ‘நான் செத்தாலும் சரி, நீ பெருகக் கூடாது’ என்கிற தியாகம். 1991இல் ரோலி கிளெமும் லோயிஸ் மில்லரும் ஒரு விசித்திரமான பாக்குலோ வைரஸைப் பார்த்தார்கள். அது தொற்றிய செல்களெல்லாம் பொசுக்கென்று வெடித்துச் சிதறின. மற்ற வைரஸ் தொற்றினால் அப்படி ஆகவில்லை. என்ன குறை என்று தேடினால், அந்த வைரஸில் பி35 என்ற ஒரே மரபணு பழுதாகியிருந்தது. பி35 செய்வது அசாத்தியமான வேலை. தற்கொலைக்குக் கத்தி எடுக்கும் நொதிகளுக்குக் காஸ்பேஸ் என்று பெயர். காஸ்பேஸ் வெட்ட வரும்போது பி35 தன் கழுத்தையே நீட்டுகிறது. வெட்டிய கத்தி அதிலேயே மாட்டிக்கொள்கிறது, வெளியே வராது! பூச்சியில் மட்டுமா? உருண்டைப் புழுவிலும் பாலூட்டிச் செல்களிலும்கூட இந்தப் பொறி வேலை செய்கிறது.

இதற்கு இரண்டாண்டு கழித்து, ஆப்பிள் புழுவின் வைரஸில் இன்னொரு தற்கொலைத் தடுப்புப் புரதம் கிடைத்தது. ஐ.ஏ.பி. வைரஸில் கிடைத்த அந்த அமைப்பை வைத்துக்கொண்டு தேடினால், மனிதனிடமும் அதே குடும்பம் இருக்கிறது! அதில் ஒன்றுதான் சர்வைவின். வளர்ந்த மனிதரின் பெரும்பாலான திசுக்களில் அமைதியாக இருக்கும் இந்தப் புரதம், புற்றுநோய்க் கட்டிகளில் தலைவிரித்தாடுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சியில் இன்று எத்தனையோ பேர் துரத்தும் இலக்கு. அதன் அதிகாரபூர்வ மரபணுப் பெயர் பி.ஐ.ஆர்.சி.5. முதலெழுத்தான ‘பி’ பாக்குலோவைரஸைக் குறிக்கிறது. ஆக, உங்கள் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பூச்சி வைரஸின் பெயர் தாங்கிய மரபணுக்கள் இருக்கின்றன!

மரபணு வைரஸுக்குள் போவதைக் கையும் களவுமாகப் பிடித்த கதையும் உண்டு. ஆய்வகத்தில் முட்டைகோஸ் அந்துப்பூச்சி செல்களில் பாக்குலோ வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்தபோது, சில வைரஸ்கள் பெட்டி கட்டுவதைக் குறைத்துவிட்டன. ஏன்? மால்கம் ஃப்ரேசர் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். வைரஸின் ஒரு மரபணு நடுவே சுமார் 2,400 எழுத்து நீளத்துக்கு அந்நியச் சரக்கு செருகியிருந்தது. பூச்சியின் குரோமோசோமிலிருந்து தாவி வந்த ஒரு தாவும் மரபணு! ‘பிக்கிபேக்’ என்று பெயர் வைத்தார்கள். தாவச் சொன்னால் தாவும், எடுக்கச் சொன்னால் வடுவில்லாமல் கழன்றுகொள்ளும். 2000இல் பட்டுப்புழுவுக்கு அந்நிய மரபணுவைப் புகுத்தியது இதைக் கொண்டுதான். இன்று புற்றுநோய்க்கு எதிராக நோயாளியின் வெள்ளணுக்களை மாற்றியமைக்கும் ஆராய்ச்சியிலும் பிக்கிபேக் இருக்கிறது. ஒரு வைரஸ் ஏன் சரியாகப் பெட்டி கட்டவில்லை என்று கேட்கப் போய் கிடைத்தது இது. இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பணம் தருவது தண்டம் என்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உச்சம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயலில் சில புழுக்களின் முதுகில் வெள்ளை வெள்ளையாய்ச் சின்னக் கூடுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டீசியா போன்ற பிராக்கோனிட் குளவிகளின் வேலை. தாய்க் குளவி உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிந்த குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டும். சாதாரணமாக ஓர் அந்நியப் பொருள் உள்ளே வந்தால், புழுவின் இரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும். குளவி முட்டையை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றன? 1981இல் விடை வந்தது. முட்டையோடு சேர்த்துத் தாய்க் குளவி கோடிக்கணக்கான வைரஸ் துகள்களையும் புழுவுக்குள் செலுத்துகிறது! அவை புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிவிடுகின்றன. (அந்த ஆய்விலும் மேக்ஸ் சம்மர்ஸ் பெயர் இருக்கிறது. சிலருக்கு ஒரு பிறவியில் எத்தனை அதிர்ஷ்டம்!)

குளவிக்கு இந்த வைரஸ் எங்கிருந்து கிடைக்கிறது? யாரிடமிருந்தும் தொற்றுவதில்லை. குளவியின் சொந்த டி.என்.ஏ.விலேயே வைரஸ் எழுதியிருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், நுடி வைரஸ் என்ற ஒரு பூச்சி வைரஸ், குளவிகளின் மூதாதை ஒன்றின் குரோமோசோமில் புகுந்துகொண்டது. 2009இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் உறுதிசெய்தார்கள். காலப்போக்கில் வைரஸ் துகளைக் கட்டும் மரபணுக்கள் குளவியிடமே தங்கிவிட்டன. துகளுக்குள் ஏற்றி அனுப்பும் சரக்கில் வைரஸின் சொந்த மரபணு ஏறக்குறைய எதுவும் இல்லை. புழுவை முடக்கும் குளவியின் மரபணுக்கள்தாம் பயணிகள். அதனால் புழுவுக்குள் போன துகளால் பெருகவே முடியாது. பல்லாயிரம் குளவி இனங்கள் இந்த அடிமை வைரஸோடுதான் பிறக்கின்றன. எதிரியை வீட்டோடு மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள்!

கதை முடியவில்லை. சில சமயம் புழு தப்பித்துவிடும் அல்லவா? அப்போது அந்தத் துகளின் டி.என்.ஏ. புழுவின் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சியின் பரம்பரைக்கே போய்விடலாம். போயிருக்கிறது! 2015இல் ஸ்பானிய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் புகழ்பெற்ற மோனார்க் வண்ணத்துப்பூச்சியிலும், பட்டுப்புழுவிலும், நம் படைப்புழுவிலும்கூட இத்தகைய மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் ஆய்வகம் கட்டுவதற்குப் பல லட்சம் ஆண்டுக்கு முன்பே மரபணு மாற்றம் செய்யப்பட்ட பூச்சிகள் பறந்துகொண்டிருந்திருக்கின்றன. அதைவிட வேடிக்கை: ஸ்போடாப்டெரா எக்சிகுவா என்ற புழுவில் இப்படி வந்து சேர்ந்த மரபணு, பாக்குலோ வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது! குளவி கொல்ல வந்தபோது விட்டுச்சென்ற ஆயுதம், வேறொரு எதிரியைத் தடுக்கப் பயன்படுகிறது.

வைரஸ்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்குமா? புழுவுக்குள் குளவிக் குஞ்சு இருந்தால் வைரஸின் சாப்பாட்டில் பங்கு போய்விடும். 2021இல் வெளியான ஆய்வு, பல பூச்சி வைரஸ்களிடம் ‘ஒட்டுண்ணிக் கொல்லி’ என்றே பெயர் வைக்கத்தக்க ஒரு புரதம் இருப்பதைச் சொன்னது. வைரஸ் தொற்றிய புழுவுக்குள் இந்தப் புரதம் கசிந்தால், அங்கிருக்கும் குளவிக் குஞ்சின் செல்கள் சாகின்றன, குஞ்சும் சாகிறது. அதே குடும்பத்து மரபணு சில அந்துப்பூச்சிகளிடமும் இருக்கிறது. அவையும் அதை வைத்துக் குளவியைத் தடுக்கின்றன. யார் யாரிடம் திருடினார்கள், யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்!

தலை சுற்றுவதற்குள் சில துணுக்குகள். ஆப்பிள் மரத்து அசுவினி ஒன்றுக்கு ஒரு டென்சோ வைரஸ் தொற்றினால் அதற்குச் சிறகு முளைக்கிறது. பறந்து போய் வைரஸை அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது. பட்டாணி அசுவினியோ இன்னும் ஒருபடி மேல். டென்சோ வைரஸின் மரபணுவைத் தன் டி.என்.ஏ.விலேயே சேர்த்துக்கொண்டு, செடியில் கூட்டம் அதிகமானால் அதைத் தட்டியெழுப்பிச் சிறகுள்ள குட்டிகளைப் போடுகிறது. கனடாவில் ஷெல்லி அடாமோ 2014இல் எழுதியது இது: ஒருவகை இரிடோ வைரஸ் தொற்றிய சுவர்க்கோழிகள் மலடாகிவிடுகின்றன, ஆனால் சோர்ந்து படுப்பதில்லை. ஆண்கள் முன்னைவிட வேகமாகக் காதல் பாட்டுப் பாடத் தொடங்கிவிடுகின்றன! இணை சேரும்போது வைரஸ் பரவுகிறது. உள்ளே திறந்து பார்த்தால் கொழுப்புத் திசு நீலமாக மின்னும். சாயம் கிடையாது, வைரஸ்கள் வரிசை வரிசையாக அடுக்கி நிற்பதில் ஒளி சிதறுவதால் வரும் நிறம்.

ஆஸ்திரேலியச் சுவர்க்கோழிகளில் 1970இல் கண்ட பக்கவாத வைரஸின் குறும்பு வேறு. உலகத்தில் புரதம் கட்டும் ரைபோசோமுக்கு ஒரு விதி உண்டு. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்க வேண்டும், தொடக்கி வைக்கக் காரணிகள் என்று ஒரு பட்டாளமே வர வேண்டும். இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. தன்னையே மடித்துக்கொண்டு ரைபோசோமுக்குள் நேராக உட்கார்ந்துவிடுகிறது. காரணியும் வேண்டாம், மெத்தியோனினும் வேண்டாம். அலனினில் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தை அடித்துத் திருத்த வைத்த வைரஸ்! நியூசிலாந்தின் ஃப்ளாக் ஹவுஸ் வைரஸுக்கு மொத்தமே சுமார் 4,500 எழுத்துகள்தாம். அதில் வெறும் 106 அமினோ அமிலம் கொண்ட பி2 என்ற புரதம், வைரஸை எதிர்க்கும் பூச்சியின் ஆர்.என்.ஏ. காவல்படையையே கட்டிப்போட்டுவிடுகிறது.

எல்லாம் வேடிக்கை இல்லை. 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூடுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. தாய் சாக்புரூட் என்ற ஆர்.என்.ஏ. வைரஸ். ஒற்றை நீளப் புரதமாகக் கட்டி, பிறகு துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும் வகை. தொற்றிய தேனீப் புழுவால் கடைசித் தோலை உரிக்க முடியாது. தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்துச் செத்துப்போகும். மார்த்தாண்டம் பக்கம் தேன் தொழிலை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

நம் தென்னைக்கு வந்த காண்டாமிருக வண்டின் கதை தெரியுமா? அந்த வண்டு 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு பசிபிக்கின் சமோவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே தென்னையைச் சூறையாடியது. வண்டின் எதிரியைத் தேடி மலேசியா போன ஜெர்மானியர் அலாய்ஸ் ஹூகர், 1963இல் நோய்கண்ட வண்டுப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு நுடி வைரஸ். குளவிக்குள் குடியேறியதே, அதே குடும்பம்! நெல்லைப் பாழாக்கும் புகையானின் டி.என்.ஏ.விலும் இந்தக் குடும்பத்தின் மிச்சங்கள் கிடக்கின்றன. 1967இல் சமோவாவில் வைரஸை விட்டார்கள். தீவுக்குத் தீவு பரவி வண்டின் கொட்டம் அடங்கியது. நம் லட்சத்தீவின் மினிக்காயில் 1983இல் விட்டார்கள், அங்கும் பலித்தது. பாலிஹெட்ரின் போன்ற பெட்டி இதற்கு இல்லாததால் தெளித்துப் பயனில்லை. வண்டுக்கே தொற்ற வைத்துப் பறக்கவிட வேண்டும். ஹெக்டேருக்கு 15 வண்டு என்பது நம்மூர்ப் பரிந்துரை. ஆனால் 2007இல் குவாம் தீவுக்குள் நுழைந்த வண்டு வகை இந்த வைரஸுக்கு அசைந்து கொடுக்கவில்லை. பசிபிக் தீவுகள் இப்போது மறுபடி தவிக்கின்றன.

பெட்டி உள்ள வைரஸை மட்டும்தான் தெளிக்க முடியும். கொண்டைக்கடலை, துவரை, பருத்தி, தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. என்று கடையில் கிடைப்பது அப்படிப்பட்ட ஒரு பாக்குலோ வைரஸ்தான். நோய்கண்டு செத்த ஒரு பெரிய புழுவில் சுமார் 600 கோடி படிகம் என்பது இங்கே கணக்கு! கொல்லச் சில நாள் ஆகும் என்பதுதான் குறை. அதைச் சரிசெய்கிறோம் என்று 1990களில் பிரிட்டனில் பாக்குலோ வைரஸுக்குள் வடஆப்பிரிக்கத் தேளின் விஷ மரபணுவை வைத்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வயல்வெளிச் சோதனையே நடத்திப் பார்த்தார்கள். ஊரே கொதித்தது. புழு சீக்கிரம் செத்ததென்னவோ உண்மை. ஆனால் முடங்கிச் செடியிலிருந்து கீழே விழுந்துவிட்டது, உள்ளே படிகமும் குறைவாகவே விளைந்தது. மனிதன் வைத்த மரபணு வேகமாகக் கொன்றது, வைரஸ் தானே திருடிய மரபணு நிறைவாகக் கொன்றது. என் ஓட்டு வைரஸுக்குத்தான்.

கடையில் கிடைக்கும் என்.பி.வி. மனிதருக்குள்ளோ ஆடு மாட்டுக்குள்ளோ பெருகாது. தேனீக்கும் குளவிக்கும் தொற்றாது. ஆனால் புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், பெட்டிக்குள் இருந்தாலும் தொடர்ந்து வெயில் பட்டால் கெட்டுவிடும். எனவே இந்தப் பருவத்தில் என்.பி.வி. வாங்கப்போகிறவர்கள், புழு சின்னதாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். மறுநாளே புழு சாகவில்லை என்று பதறிப்போய் இன்னொரு மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள். நான்கைந்து நாள் பொறுங்கள்.